குழந்தை மெழுகைத் தின்னுட்டா என்ன செய்யணும்?



இந்த மாதம் கடன், வட்டி, தணிக்கை எதுவும் பேசப் போவதில்லை. நம்ம வீட்டுக்குள்ளேயே இருக்கிற ஒரு ஆபத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். கொஞ்சம் நேரம் ஒதுக்கிக் கடைசி வரை படியுங்கள். படிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்குக் குழுக் கூட்டத்தில் யாராவது ஒருவர் வாசித்துக் காட்டுங்கள்.

போன ஐப்பசி மழையில் தா.பழூர் பக்கத்து ஊர் ஒன்றில் மாலை நேரக் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். கரண்ட் இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் சேமிப்புப் பணத்தை எண்ணிக் கொண்டிருந்தோம். அப்போது ஒரு பாட்டி இரண்டு வயசுப் பேரனைத் தூக்கிக் கொண்டு ஓடி வந்தார். "ஐயோ, புள்ள மெழுகைத் தின்னுட்டானே!" என்று அழுகை. ஒரு நிமிஷத்தில் கூட்டம் கலைந்து விட்டது. "உப்புத் தண்ணி குடுங்க, வாந்தி எடுக்கட்டும்" என்றார் ஒரு அக்கா. "தொண்டையில விரல விடு" என்றார் இன்னொருவர். "தேங்காயெண்ணெய் ஒரு சங்கு ஊத்துனா வழுக்கிக்கிட்டு வெளிய வந்துரும்" என்றார் மூன்றாமவர். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "நீங்க படிச்சவங்க, சொல்லுங்க மேடம்."

உண்மையைச் சொல்கிறேன். சமூகப் பணியில் முதுகலைப் பட்டம் வாங்கியிருக்கிறேன், ஆனால் அந்த நேரத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உப்புத் தண்ணீருக்கு நானும் தலையாட்டப் போனேன். நல்ல வேளை, அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா தடுத்து விட்டார். "எதையும் வாயில ஊத்தாதீங்க. மொதல்ல அவன் எதைத் தின்னான்னு அதைக் கொண்டாங்க" என்றார். போய்ப் பார்த்தால், பாதி கடித்த வெள்ளை மெழுகுவத்தி. வாயைத் துடைத்து, இரண்டு மடக்குத் தண்ணீர் கொடுத்தோம். பையன் சிரித்துக் கொண்டு விளையாடப் போய்விட்டான்.

கூட்டம் முடிந்து திரும்பும்போது வேறொரு உறுப்பினர் என் கூடவே நடந்து வந்தார். அவர் மகளுக்கு மூன்று வயசில் நடந்ததைச் சொன்னார். கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் வைத்திருந்த மண்ணெண்ணெயை அந்தப் பிள்ளை ஒரு வாய் குடித்து விட்டது. பதறிப் போய் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைத்திருக்கிறார்கள். அதற்கப்புறம்தான் மூச்சு வாங்க ஆரம்பித்திருக்கிறது. பல நாள் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்துப் பிள்ளையைக் காப்பாற்றினார்கள். "நான் வாந்தி எடுக்க வைக்காம இருந்திருந்தா அவ்வளவு கஷ்டம் வந்திருக்காதுன்னு டாக்டர் சொன்னாரு மேடம். இன்னைக்கும் மனசு ஆறல" என்றார். அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

மெழுகும் மண்ணெண்ணெயும் ஒரே குடும்பம்

நாம் கொளுத்துகிற சாதாரண மெழுகுவத்தி பாரஃபின் மெழுகால் ஆனது. பூமிக்கு அடியில் இருந்து எடுக்கிற கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல், என்ஜின் ஆயில், கடைசியில் மெழுகு என்று பல பொருட்கள் பிரிகின்றன. எல்லாம் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஆனால் குணம் வேறு வேறு.

மெழுகு கெட்டி. வயிறு அதைச் செரிக்காது, உடம்பில் கலக்காது. தின்ற மெழுகு இரண்டொரு நாளில் மலத்தோடு வெளியே போய்விடும். மண்ணெண்ணெய் தண்ணீர் மாதிரி லேசாக ஓடக் கூடியது. விழுங்கும்போதோ வாந்தி எடுக்கும்போதோ ஒரு சொட்டு மூச்சுக்குழாய்க்குள் போனாலும் நுரையீரலில் பரவிப் புண்ணாக்கி விடும். டாக்டர்கள் இதை ஒரு வகை நிமோனியா என்கிறார்கள். அதனால் மண்ணெண்ணெய் குடித்த பிள்ளைக்கு வயிற்றை விட நுரையீரலில்தான் ஆபத்து.

ஒரே வரியில் மனசில் வைத்துக் கொள்ளுங்கள்: கெட்டியான மெழுகு வயிற்றோடு போகும், தண்ணியாக ஓடுவது நுரையீரலுக்குப் போகும்.

பெயரிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. "பாரஃபின்" என்றால் நமக்கு மெழுகு. மருந்துக் கடையில் மலச்சிக்கலுக்கு விற்கும் திரவ மருந்து "லிக்விட் பாரஃபின்". இங்கிலாந்திலோ மண்ணெண்ணெய்க்கே "பாரஃபின்" என்றுதான் பெயர். டப்பாவில் இந்தப் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். கெட்டியா, தண்ணியா என்று பாருங்கள்.

எந்த மெழுகுக்கு என்ன செய்வது?

மெழுகுவத்தி, பிறந்தநாள் கேக் மெழுகு, பிள்ளைகளின் கிரேயான்: சின்னத் துண்டாக இருந்தால் பயப்பட வேண்டாம். வாயில் மிச்சம் இருப்பதைத் துணியால் துடைத்து எடுங்கள். கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள். வழக்கம் போலச் சாப்பாடு கொடுக்கலாம். ஆனால் தொண்டையில் அடைக்காமல் பார்க்க வேண்டும். நிறையத் தின்றிருந்தால் மலச்சிக்கல் வரலாம். வயிறு உப்பி, திரும்பத் திரும்ப வாந்தி, வயிற்று வலி, மலம் போகாமல் இருந்தால் குடல் அடைப்பாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

பழத்தின் மேல் பூசும் மெழுகு: ஆப்பிள் பளபளவென்று இருப்பதைப் பார்த்துப் பல பேர் பயப்படுகிறார்கள். தேன்மெழுகு, கார்னோபா என்ற பனைமர மெழுகு போன்றவற்றைப் பழத்தின் மேல் மிக மெல்லிசாகப் பூச உணவுச் சட்டமே அனுமதிக்கிறது. நன்றாகக் கழுவியோ தோல் சீவியோ சாப்பிட்டால் போதும்.

தரை பாலிஷ், ஷூ பாலிஷ், மர பாலிஷ்: இதிலும் மெழுகு உண்டு. ஆனால் மெழுகு இளகி இருக்க டர்பன்டைன், பெட்ரோலில் இருந்து எடுக்கிற கரைப்பான்கள் சேர்த்திருப்பார்கள். நம்ம பழைய வீட்டுச் சிவப்புத் தரைக்குத் தேய்க்கிற பாலிஷும் இப்படித்தான். எனவே இதை மெழுகுவத்தி மாதிரி நினைக்கக் கூடாது. நாக்கில் லேசாகப் பட்டிருந்தால் வாயைத் துடைத்துக் கவனித்துப் பார்க்கலாம். விழுங்கியிருந்தால், இருமல் வந்தால், உடனே ஆஸ்பத்திரி.

மண்ணெண்ணெய், தின்னர், டர்பன்டைன், கலர் விளக்கு எண்ணெய்: அளவு பார்க்காதீர்கள். ஒரு வாய் குடித்திருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. பாலோ எண்ணெயோ கொடுக்கக் கூடாது. நனைந்த சட்டையைக் கழற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிள்ளை நன்றாகத் தெரிந்தாலும் குறைந்தது 6 மணி நேரம் டாக்டர் கண்காணிப்பு தேவை. இருமல், வேகமான மூச்சு, நெஞ்சு உள்வாங்குவது, உதடு நீலமாவது, தூக்கக் கலக்கம் இவையெல்லாம் அபாய அறிகுறிகள்.

உருக்கிய சூடான மெழுகு: இது விஷம் அல்ல, தீக்காயம். வாயில் பட்டால் குளிர்ந்த தண்ணீரைச் சிறுகச் சிறுகக் கொடுத்தபடியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

மெழுகு மாதிரி இருக்கும், ஆனால் மெழுகு இல்லை!

சகோதரிகளே, இந்தப் பகுதியைத்தான் ரொம்பக் கவனமாகப் படிக்க வேண்டும். "ஏதோ வெள்ளையா, மெழுகாட்டம் தின்னான்" என்று சொல்லும்போது அது உண்மையிலேயே மெழுகுதானா என்று பார்க்க வேண்டும். மூன்று பொருட்கள் நம்மை ஏமாற்றும்.

முதலாவது, சூடம். சாமி மாடத்தில் எந்நேரமும் இருப்பது, பிள்ளைக்கு எட்டுவது. நிறைய வீடுகளில் மெழுகுவத்தியும் சூடமும் ஒரே தட்டில் கிடக்கும். கடையில் விற்கும் சூடம் பெரும்பாலும் டர்பன்டைனில் இருந்து தயாரிக்கப்படுகிறது. குழந்தை ஒரு சின்ன வில்லையை முழுங்கினாலே போதும், வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். சில நேரம் 5, 10 நிமிஷத்திலேயே வலிப்பு வந்துவிடும். அதனால்தான் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வாந்தி எடுக்கும் நேரத்தில் வலிப்பு வந்தால் வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும். இது நம்ம ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தின் பிராங்க்ஸ் பகுதியில் மூன்று சிறு குழந்தைகளுக்கு வலிப்பு வந்து, காரணம் வீட்டில் வைத்திருந்த கற்பூரம் என்று டாக்டர்கள் கண்டுபிடித்து 2009-ல் மருத்துவ இதழில் எழுதினார்கள். சளிக்காகத் தேங்காயெண்ணெயில் சூடம் போட்டுக் காய்ச்சி கைக்குழந்தையின் நெஞ்சில், மூக்கில் தேய்க்கிற பழக்கத்தையும் விட்டு விடுங்கள். தோல் வழியாகவும் சூடம் உள்ளே போகும்.

இரண்டாவது, பாச்சை உருண்டை, அதாவது அந்துருண்டை. பீரோவில், டிரங்குப் பெட்டியில் போடுவது. இதில் உள்ள நாப்தலீன் சில குழந்தைகளின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து விடும். பிறவியிலேயே ரத்தத்தில் ஒரு நொதி குறைவாக உள்ள பிள்ளைகளுக்கு ஆபத்து அதிகம். எந்தப் பிள்ளைக்கு அந்தக் குறை இருக்கிறது என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அன்றைக்கு நன்றாக இருக்கும். ஒன்றிரண்டு நாள் கழித்து முகம் வெளுக்கும், கண் மஞ்சளாகும், மூத்திரம் காபி டிகாஷன் மாதிரி கறுப்பாகப் போகும். அதனால் காத்திருக்காமல் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். இதற்குப் பால், எண்ணெய், நெய் எதுவும் கொடுக்கக் கூடாது, விஷம் சீக்கிரம் உடம்பில் ஏறும். இன்னொன்று, பாச்சை உருண்டை போட்டு வைத்த பழைய துணியை எடுத்து அப்படியே பச்சைப் பிள்ளைக்குப் போட்டு விடாதீர்கள். துவைத்து நல்ல வெயிலில் காய வைத்த பிறகு போடுங்கள்.

மூன்றாவது, எலி கேக். பொன்னாற்றுப் பாசனத்தில் நெல் போடுகிற நம்ம வீடுகளில் இது சர்வ சாதாரணம். நிறைய எலி மருந்துக் கட்டிகளை மெழுகில்தான் வார்க்கிறார்கள். சிவப்பு, நீலக் கலரில் மிட்டாய் மாதிரி இருக்கும். புரோமடியோலோன் என்ற மருந்து கலந்தது. இது ரத்தம் உறையாமல் செய்துவிடும். இரண்டு மூன்று நாள் கழித்து ஈறில், மூக்கில், மூத்திரத்தில் ரத்தம் வரலாம். இதற்கு ஆஸ்பத்திரியில் வைட்டமின் கே என்ற மாற்று மருந்து உண்டு. நேரத்தோடு போனால் காப்பாற்றலாம். எலி பேஸ்ட் இதை விடக் கொடியது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட்டைத் தமிழக அரசு தடை செய்திருக்கிறது. வீட்டில் பழைய டியூப் கிடந்தால் வைத்திருக்காதீர்கள். தின்றவர் முதல் நாள் சும்மா இருப்பது போலத் தெரிந்தாலும் கல்லீரல் கெட்டுக் கொண்டிருக்கும். "நல்லாத்தானே இருக்கான்" என்று வீட்டில் வைத்திருக்கவே கூடாது.

உடனே செய்ய வேண்டியவை

1. பதறாதீர்கள், கத்தாதீர்கள். பிள்ளை பயந்து அழும்போது வாயில் உள்ளது மூச்சுக்குழாயில் போகலாம்.

2. கையில், வாயில் உள்ளதை எடுத்து விடுங்கள். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எடுங்கள். தெரியாமல் விரலை உள்ளே விட்டுத் துழாவினால் துண்டு இன்னும் ஆழமாகப் போய்விடும்.

3. எதைத் தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று பாருங்கள். டப்பா, பாக்கெட், மிச்சத் துண்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். டாக்டருக்கு அதுதான் பாதி வைத்தியம்.

4. மெழுகுவத்திதான் என்று உறுதியாகத் தெரிந்து, பிள்ளையும் நன்றாக இருந்தால் வீட்டிலேயே கவனிக்கலாம். மற்ற எல்லாவற்றுக்கும், சந்தேகம் இருந்தாலும், 108-ஐக் கூப்பிடுங்கள்.

5. மயக்கமாக இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் கூடக் கொடுக்காதீர்கள். வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவி கொடுப்பது, வாயில் கரண்டி வைப்பது வேண்டாம். பக்கத்தில் உள்ள சாமான்களை நகர்த்தி, ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும்.

6. துண்டு தொண்டையில் அடைத்து, அழவும் முடியாமல் இருமவும் முடியாமல் திணறினால் உடனே செயல்படுங்கள். ஒரு வயசுக்கு உட்பட்ட குழந்தையை முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ இருக்க, முதுகின் நடுவில் உள்ளங்கை அடியால் 5 தட்டுத் தட்டுங்கள். வரவில்லை என்றால் மல்லாக்கத் திருப்பி, நெஞ்சு நடுவில் இரண்டு விரலால் 5 முறை அழுத்துங்கள். மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஒரு வயசுக்கு மேற்பட்டவர்களுக்கு முதுகில் 5 தட்டு. பிறகு பின்னால் நின்று, தொப்புளுக்குச் சற்று மேலே முஷ்டியை வைத்து, உள்பக்கமாக மேல் நோக்கி 5 முறை அழுத்துங்கள். பிள்ளை நன்றாக இருமிக் கொண்டிருந்தால் இது எதுவும் வேண்டாம், இருமட்டும்.

செய்யவே கூடாதவை

• உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், புளிக்கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது. அதிக உப்பு ஏறினால் சின்னப் பிள்ளைக்கு மூளையே பாதிக்கும்.
• தொண்டையில் விரல் விடுவது.
• விஷத்தை முறிக்கும் என்று பால், தேங்காயெண்ணெய், முட்டை வெள்ளைக்கரு ஊற்றுவது.
• தலைகீழாகப் பிடித்து ஆட்டுவது.
• மந்திரிக்கக் கூட்டிப் போய் நேரத்தைக் கடத்துவது. நம்பிக்கை இருந்தால் ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு திருநீறு போட்டுக் கொள்ளலாம்.

எங்கே போவது, யாரைக் கேட்பது?

108 ஆம்புலன்ஸ் நம் மாநிலத்தில் 2008-ல் இருந்து ஓடுகிறது, காசு கிடையாது. வரத் தாமதமானால் கிடைத்த வண்டியில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். முதலுதவி முடித்து அவர்களே ஜெயங்கொண்டம் அரசு மருத்துவமனைக்கோ, அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள். கொள்ளிடக்கரை ஊர்க்காரர்களுக்குப் பாலம் தாண்டினால் கும்பகோணம் கிட்டம். எது சீக்கிரமோ அங்கே போங்கள்.

டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் தேசிய விஷத் தகவல் மையம் இருக்கிறது. இலவச எண் 1800 116 117, இரவு பகல் எந்நேரமும் பேசலாம். இந்தி, ஆங்கிலம் பேச வராதவர்கள் கிராம சுகாதார செவிலியரை விட்டுப் பேசச் சொல்லலாம். தமிழில் ஆலோசனை கேட்க நம் மாநில சுகாதார உதவி எண் 104.

ஒரு வார்த்தை, மனம் விட்டு

எல்லோரும் தெரியாமல்தான் விழுங்குவார்கள் என்று சொல்ல முடியாது. கடன் தொல்லை, வீட்டுச் சண்டை என்று மனம் வெறுத்துப் பெரியவர்கள் வேண்டுமென்றே எதையாவது விழுங்கி விடுவதும் நடக்கிறது. அப்போது "போலீஸ் கேஸ் ஆயிடும்" என்று பயந்து, "மாத்திரை மாத்திச் சாப்பிட்டா" என்று டாக்டரிடம் பொய் சொல்கிறார்கள். தயவு செய்து உண்மையைச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சரியான வைத்தியம் கிடைக்காது. 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், அப்படிச் செய்தவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றுதான் பார்க்கச் சொல்கிறது. அவரைத் தண்டிக்கச் சொல்லவில்லை. நம் குழுவில் யாராவது தவணை கட்ட முடியாமல் கூட்டத்துக்கு வராமல் இருந்தால், வசூலுக்கு முன்னால் வீட்டுக்குப் போய் "என்னம்மா, எப்படி இருக்க?" என்று கேளுங்கள். மனம் விட்டுப் பேச 14416 என்ற இலவச எண்ணும் இருக்கிறது.

மெழுகுவத்தி தயாரிக்கும் குழுக்களுக்கு

• மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்காதீர்கள். தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்து உருக்குங்கள்.
• மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, தீ வெடித்துப் பரவும். மூடி போட்டு மூடி, அடுப்பை அணையுங்கள்.
• கையில் மெழுகு கொட்டினால் ஓடும் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். ஒட்டியதை உரிக்காதீர்கள். பேஸ்ட், மை தடவாதீர்கள்.
• திரியை ஊற வைக்கும் வெங்காரம், கலர், வாசனை எண்ணெய் இவையெல்லாம் விழுங்கினால் கெடுதல். பெயர் எழுதிப் பூட்டி வையுங்கள். வேலை நடக்கும் இடத்தில் பிள்ளைகளை விடாதீர்கள்.

இந்த வாரமே செய்யுங்கள்

வீட்டைச் சுற்றி ஒரு முறை, இரண்டு வயசுப் பிள்ளை மாதிரி உட்கார்ந்து பாருங்கள். என்னென்ன கைக்கு எட்டுகிறது என்று தெரியும். சூடம், பாச்சை உருண்டை, பாலிஷ், எலி மருந்து எல்லாம் பரணுக்கோ பூட்டிய பெட்டிக்கோ போகட்டும். மண்ணெண்ணெயை ஒரு நாளும் தண்ணி பாட்டில், கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றாதீர்கள். தாகத்தில் வரும் பிள்ளைக்கு எழுத்து தெரியாது, பாட்டில்தான் தெரியும்.

அடுத்த கூட்டத்தில் பேச மூன்று கேள்விகள்:
1. மெழுகுவத்தி தின்ற பிள்ளைக்கும் மண்ணெண்ணெய் குடித்த பிள்ளைக்கும் செய்வதில் என்ன வித்தியாசம்?
2. மெழுகு போலத் தெரியும் ஆபத்தான மூன்று பொருட்கள் எவை?
3. நம் ஊரில் ராத்திரி நேரத்தில் வண்டி கொடுக்கக் கூடியவர் யார்? அவர் போன் நம்பர் எல்லோரிடமும் இருக்கிறதா?

மூன்றாவது கேள்விக்கான பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, 108, 104, 1800 116 117 எண்களோடு சேர்த்து ஒவ்வொரு வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் ஒட்டுங்கள்.

அந்த அங்கன்வாடி அம்மா கேட்ட கேள்வியை நானும் மறக்கவில்லை, நீங்களும் மறக்காதீர்கள்: "மொதல்ல, எதைத் தின்னான்?" அதைக் கேட்ட பிறகுதான் மற்றதெல்லாம்.

அன்புடன்,
உங்கள் கள ஒருங்கிணைப்பாளர்